தலையாட்டி

ஒரு வீட்டில் முதலில் உடைகிற சாமான் எது என்று கேட்டால், பொம்மை என்றுதான் சொல்ல வேண்டும். வாங்கி வந்த அன்றைக்கே கை போகும். மறுநாள் தலை போகும். ஒரு வாரத்துக்குள் அது பரணுக்கோ குப்பைக்கோ போய்ச் சேர்ந்துவிடும். பித்தளைச் செம்பு மூன்று தலைமுறை இருக்கிறது. ஆட்டுக்கல் அதற்கு மேலும் இருக்கிறது. ஆனால் பேச்சை எடுத்துக்கொண்டால் கணக்கு வேறு விதமாக இருக்கிறது. என்றைக்கோ உடைந்து போன பொம்மைகளும், ஆணி கழன்ற பம்பரங்களும், அறுந்து போன பட்டங்களும் நம் வாயை விட்டுப் போகமாட்டோம் என்று சட்டமாக உட்கார்ந்திருக்கின்றன.

சந்தேகமிருந்தால் போடிநாயக்கனூர்க் கடைத்தெருவில் ஏதாவது ஒரு தேநீர்க் கடை பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். நான் உட்கார்ந்திருக்கிறேன். எழுதுகிறவனுக்கு அதைவிட நல்ல உத்தியோகம் கிடையாது. "எங்க மருமக பம்பரமாச் சுத்துறா" என்பார் ஒரு பெரியவர். "நூல் விட்டுப் பாத்தேன், ஆளு பிடி குடுக்கலையே" என்பார் ஒரு தரகர். கேட்ட மாத்திரத்தில் பட்டம் விடுகிறவனின் கை தெரிகிறதல்லவா? "அவன் சாவி குடுத்த பொம்மைப்பா, முடுக்கி விட்டா ஓடுவான்" என்று ஒருவரைப் பற்றி இன்னொருவர் அபிப்பிராயம் சொல்வார். யாரோ ஒரு சங்கத் தலைவரைப் பற்றிப் பேச்சு வரும். "அவரா? சும்மா தலையாட்டி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பக்கத்துக் கடைக்காரர் மட்டும் "வியாபாரம் காத்தாடுதுங்க" என்று அலுத்துக்கொள்வார். அதில் காற்றாடி இல்லை, காற்று மட்டும்தான் உண்டு. ஆகவே அவரை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

போடியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலை எழும்புகிற இடத்தில், அதன் காலடியில் கிடக்கிற ஊர் இது. தேனி மாவட்டம். மேலே போடிமெட்டு 4,000 அடிக்கு மேல் இருக்கிறது. அதைத் தாண்டினால் கேரளம். ஏலக்காய்க் காடுகள் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில், பறிக்கிற கைகள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தில். விடியற்காலம் இருட்டோடு ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறும், பொழுது சாய இறங்கும். காய் ஊருக்குள் வந்து சேர்ந்ததும், அதைச் சலித்து, எட்டு மில்லி, ஏழு மில்லி என்று தரம் பிரிக்க வேறு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். பிறகு ஏலம். இங்கே ஏலத்தை ஏலம் விடுகிறார்கள் என்று வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டியதுதான். முதல் ஏலம் நம் மலையில் விளைந்தது, இரண்டாவது ஏலம் போர்த்துக்கீசியர் கப்பலில் வந்திறங்கிய சொல். இரண்டும் எப்படியோ போடியில் வந்து ஒன்றாகிவிட்டன. வாய் விட்டுக் கேட்ட காலம் போய், இப்போது கணினித் திரையில் விலை ஏறுகிறது. யாரும் தலையாட்டத் தேவையில்லை.

தலையாட்டுவதைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன். அந்த எண்ணத்தைக் கிளப்பியது ஒரு ருஷ்யப் பொம்மை.

என் நண்பர் ஒருவருடைய மகன் ருஷ்யாவில் மருத்துவம் படித்தான். 2020-ஆம் வருஷத் தொடக்கத்தில் விடுமுறைக்கு வந்தபோது எனக்கென்று ஒரு பொம்மை கொண்டுவந்தான். எழுத்தாளருக்குப் பொம்மையா என்று நீங்கள் கேட்கலாம். மாஸ்கோவிலிருந்து தமிழில் அச்சாகி வந்து, நியூ செஞ்சுரி புத்தகக் கடைகளில் மலிவு விலைக்குக் கிடைத்த குழந்தைப் புத்தகங்களைப் பற்றி அவனிடம் நான் ஓயாமல் பேசியிருக்கிறேன். அந்த வழவழப்பான தாளும், பனியும், கரடியும், கம்பளிக் குல்லாயும் எனக்குப் பாதிச் சொந்த ஊர் மாதிரி. அதை அவன் ஞாபகம் வைத்திருந்தான்.

இரண்டு பந்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது போன்ற சிவப்புப் பெண் பொம்மை. உள்ளே ஏதோ மணி. தள்ளிவிட்டால் படுக்கும். கையை எடுத்தால் 'டிங் டிங்' என்று சத்தம் போட்டுக்கொண்டு எழுந்து நிற்கும். எப்படிப் போட்டாலும் எழுந்து நிற்கும்.

"இதுக்கு என்னப்பா பேரு?" என்றேன்.

"நெவல்யாஷ்கா, மாமா. விழாதவள்னு அர்த்தம். மரத்துல செஞ்ச பழைய பொம்மைக்கு வேற பேரு. வான்கா வ்ஸ்தான்கா."

வான்கா என்பது இவான் என்ற பெயரின் செல்லச் சுருக்கம். நம் ஊரில் முருகேசன் முருகு ஆவதைப் போல. வ்ஸ்தான்கா என்பதில் எழுந்திரு என்கிற சொல் இருக்கிறது. ஆக, 'எழுந்திருக்கிற இவான்'. எத்தனை அடி பட்டாலும் சளைக்காத மனிதனை ருஷ்யர்கள் அந்தப் பெயரால் சொல்வார்களாம். ஜப்பானியர்களிடமும் இதே பொம்மை இருக்கிறது. தாருமா என்று பெயர். நம் காஞ்சியிலிருந்து போனவர் என்று நாம் சொல்லிக்கொள்கிற போதிதர்மர்தான் அந்தப் பொம்மை. ஏழு தரம் விழுந்தால் எட்டாம் தரமும் எழு என்று அவர்களுக்கு ஒரு பழமொழி உண்டு. அந்தப் பேச்சு வந்தாலே தாருமா பொம்மையைத்தான் காட்டுவார்கள்.

எனக்கு உடனே தஞ்சாவூர் ஞாபகம் வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். நம் தஞ்சாவூர் பொம்மை இதே பொம்மைதானே! அடிப்பாகம் உருண்டை, அதில் களிமண் கனம், மேலே கூடு லேசு. சாய்த்தால் கனம் மேலே தூக்கப்படுகிறது. விட்டால் அது தன் பழைய பள்ளத்தைத் தேடிக்கொண்டு கீழே வருகிறது. அது கீழே வர, தலை மேலே வருகிறது. இதில் மாயம் ஒன்றுமில்லை. ராஜாவும் ராணியும் கொழுகொழுவென்று கால் இல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை எந்தச் சேனையாலும் கவிழ்க்க முடியாது. இன்னொரு வகையும் உண்டு. பரதம் ஆடுகிற பெண். தலை தனி, உடம்பு தனி, பாவாடை தனி. கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். விரலால் தொட்டால் கழுத்து ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம் அசையும். சரபோஜி காலத்து வேலை என்று சொல்வார்கள். முன்பு மண்ணில் செய்தார்கள், பிறகு காகிதக் கூழிலும் மாவிலும் செய்தார்கள். 2008-09-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இப்போது பாருங்கள். ஒரே மாதிரிப் பொம்மை. ருஷ்யன் அதைப் பார்த்து 'எழுந்திருக்கிறான்' என்றான். ஜப்பான்காரன் 'எட்டாம் தரம்' என்றான். நாம்? தலையாட்டுகிறது என்றோம். அத்தோடு நின்றோமா? யாருக்கும் எதற்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத ஆளுக்கு அதைப் பட்டப் பெயராகவும் வைத்துவிட்டோம். விழுந்து விழுந்து எழுகிற ஒரு பொம்மையை எதிரே வைத்துக்கொண்டு, நம் கண் அதன் கழுத்தை மட்டும் பார்த்திருக்கிறது!

இதைப் பற்றி நான் அதிக நாள் யோசித்திருக்கிறேன். பொம்மைக்குப் பத்துக் குணம் உண்டு. பேச்சு அதில் ஒன்றைப் பொறுக்குகிறது. எதைப் பொறுக்குகிறது என்பது பொம்மையைப் பொறுத்ததல்ல, அதைப் பிடித்திருக்கிற கையைப் பொறுத்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

பம்பரத்தையே எடுத்துக்கொள்ளலாம். ருஷ்யர்களுக்கு அதற்கு இரண்டு பெயர் உண்டு. ஒன்றுக்கு 'ஓநாய்க்குட்டி' என்று அர்த்தம். சுற்றும்போது உறுமுவதால் வைத்திருப்பார்கள் போலும். இன்னொரு பெயர் யூலா. ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டாமல் நெளிகிற பிள்ளையை 'யூலா' என்று திட்டுவார்களாம். நம் வீடுகளில் பம்பரம் என்பது திட்டு அல்ல, புகழ்ச்சி. அதுவும் பெரும்பாலும் யாருக்கு? மருமகளுக்கு. விடிந்தது முதல் அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் சுழன்றால் பம்பரம். புகழ்கிறவர் பம்பரம் விளையாடியதை மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். பம்பரம் தானாகச் சுற்றுவதில்லை. கயிறு வேறொருவன் கையில். எவ்வளவு சுற்றினாலும் அது இருந்த இடத்தை விட்டு வெகு தூரம் போவதும் இல்லை. தோற்றுப்போன பம்பரத்தை வட்டத்துக்குள் வைத்து, மற்றவர்கள் தங்கள் பம்பர ஆணியால் குத்துவார்கள். அந்தக் குத்துக்கு எங்கள் பக்கத்தில் ஆக்கர் என்று பெயர். என் பம்பரத்தில் விழுந்த ஆக்கர்களை இன்றைக்கும் என்னால் எண்ணிச் சொல்ல முடியும். பேச்சு இந்தக் குணங்களை எல்லாம் விட்டுவிட்டது. சுழற்சியை மட்டும் வைத்துக்கொண்டது. அதுதான் மாமியாருக்குச் சௌகரியம்.

பாவை என்றொரு பழைய சொல் இருக்கிறது. பொம்மை என்று நாம் சொல்லத் தொடங்குவதற்கு முன்னால் பாவைதான். திருவள்ளுவருக்குப் பொம்மையின் மேல் ஒரு கண் இருந்திருக்க வேண்டும். நான்கு குறள்கள் எனக்கு உடனே ஞாபகம் வருகின்றன. நுட்பமான அறிவில்லாதவனின் அழகை மண்ணால் அலங்கரித்த பாவையோடு ஒப்பிடுகிறார். வெட்கமில்லாத மனிதனின் நடமாட்டத்தை, கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவையின் உயிரோடு சேர்த்து வைக்கிறார். அதில் நாண் என்ற சொல்லை வெட்கத்துக்கும் கயிற்றுக்குமாக இரண்டு பக்கம் திருப்புகிறார். இரந்து கேட்பவர்கள் இல்லாவிட்டால் இந்த உலகமே மரப்பாவை போய் வருவதைப் போலத்தான் இருக்கும் என்கிறார் இன்னோரிடத்தில். மூன்றிலும் பாவைக்கு மதிப்பில்லை. உள்ளே ஒன்றும் கிடையாது என்பதே குற்றச்சாட்டு. நான்காவது காமத்துப்பாலில் வருகிறது. அங்கே காதலன் தன் கண்ணின் கருமணியிலுள்ள பாவையைக் கூப்பிட்டு, என் காதலிக்கு இடம் வேண்டும், நீ எழுந்து போய்விடு என்கிறான். அந்தப் பாவைக்கு மட்டும் குடியிருக்க வீடும், காலி பண்ணச் சொல்லுமளவுக்கு உயிரும் கிடைத்திருக்கின்றன.

கண்ணுக்குள் ஏது பொம்மை? யாருடைய கண்ணையாவது நெருங்கிப் பாருங்கள். உங்கள் உருவமே சுண்டுவிரல் நகத்தளவு பொம்மையாக உள்ளே நிற்கும். லத்தீன்காரர்களும் இதைப் பார்த்திருக்கிறார்கள். கண்மணிக்கு அவர்கள் வைத்த பெயருக்கும் சின்னப் பெண், பொம்மை என்றுதான் அர்த்தம். சமஸ்கிருதத்தில் கனீனிகா என்பதும் சிறுமிதான். ஒருவரையொருவர் கேட்காமல் மூன்று பாஷைக்காரர்கள் ஒரே இடத்தில் ஒரே பொம்மையைக் கண்டிருக்கிறார்கள். எனக்கு இது பெரிய சந்தோஷம். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

மரப்பாச்சியிலும் பாவைதான் தேய்ந்து கிடக்கிறது என்பார்கள். செம்மரத்தில் கடைந்த ஆணும் பெண்ணும், மூக்கும் முழியும் மழுங்க மழுங்க, பிள்ளைகள் வாயில் வைத்துக் கடிப்பதற்கென்றே பிறந்தவர்கள். கொலுப்படியில் அவர்களுக்குத்தான் முதல் மரியாதை. பேச்சில் மட்டும் "என்னடி மரப்பாச்சி மாதிரி நிக்கிற?" என்று அதட்டலில்தான் வருகிறார்கள். நடைவண்டிக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. பட்டினப்பாலையில் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் குதிரை இல்லாமல் உருட்டுகிற மூன்று சக்கரச் சிறு தேர் வருகிறது. இன்றைய நடைவண்டிக்கும் மூன்றே சக்கரம்தான். அத்தனை ஆயிரம் வருஷமாக உருளும் இந்தச் சக்கரங்கள் பேச்சில் ஒரு தடத்தையும் பதித்ததாக எனக்குத் தட்டுப்பட்டதில்லை. நமக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தவரை நாம் மறந்துவிடுவது சகஜம்தானே.

ருஷ்யப் பொம்மை என்றதும் நீங்கள் எதிர்பார்த்திருக்கும் பொம்மைக்குள் பொம்மையையும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே போகிறேன். மத்ர்யோஷ்கா. பழங்காலத்துப் பொம்மை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது 1890-களில் பிறந்தது. ஸ்வியோஸ்தோச்கின் என்ற கடைசல்காரர் மரத்தில் கடைந்தார், மல்யூதின் என்ற ஓவியர் வர்ணம் பூசினார். 1900-இல் பாரிஸ் கண்காட்சிக்குப் போய்ப் பேர் வாங்கியது. மத்ர்யோனா என்ற நாட்டுப்புறப் பெண் பெயரின் செல்லம் அது. அந்தப் பெயரின் வேரில் நம் மாதாவும் இருக்கிறாள். அழகான பொம்மைதான். ஆனால் வரிசையாகத் திறந்து பார்த்து முடித்ததும் கதை முடிந்துவிடுகிறது. விழுந்து எழுகிறவளிடம் எனக்குள்ள பிரியம் அதனிடம் இல்லை.

தலையாட்டிக்கே திரும்புகிறேன். அந்தச் சொல்லில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. என் உறவுக்காரர் ஒருவர் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள். தரகர் பெண்ணைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாரிடம் அளந்துகொண்டிருந்தார். "பொண்ணு தங்கமுங்க. எது சொன்னாலும் தலையாட்டும்." இது சிபாரிசு. அரை மணி கழித்து என்னைத் திண்ணைக்குக் கூட்டி வந்து, மாப்பிள்ளையின் தகப்பனாரைப் பற்றி ரகசியம் சொன்னார். "மனுசன் வெறும் தலையாட்டிங்க. வீட்ல எல்லாம் அந்தம்மா வச்சதுதான் சட்டம்." இது புகார். ஒரே தலை, ஒரே ஆட்டம். பெண் ஆட்டினால் பவுனுக்குப் பக்கத்தில் வைக்கலாம். ஆண் ஆட்டினால் திண்ணைக்கு வந்து சிரிக்கலாம். தரகருக்கு இதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை. அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் தெருவில் எதிர் வரிசையில் ஓர் அம்மாள் குடியிருக்கிறாள். ஐம்பதைத் தாண்டியிருக்கும். புருஷன் இல்லை. மகள் வெளியூரில் பஞ்சாலை வேலைக்குப் போய்விட, பேரன் இவளிடம் வளர்கிறான். இருபது வருஷத்துக்கு மேலாக ஜீப்பில் மலைக்குப் போய் வருகிறவள். ஏலச் செடியைப் பார்த்திராதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆளுயரத்துக்கு மேல் வளர்கிற செடி, காயை மட்டும் உச்சியில் வைத்திருப்பதில்லை. அடித்தூரிலிருந்து சரம் சரமாகத் தரையோடு கிளம்பும். பறிக்கிறவள் நாள் முழுக்கக் குனிந்தே இருக்க வேண்டும். அந்த அம்மாள் நிமிர்ந்து பேசி நான் அதிகம் பார்த்ததில்லை. யார் என்ன சொன்னாலும் "சரிங்க". மழையில் நிற்கச் சொன்னால் சரிங்க, கூலி அடுத்த வாரம் என்றால் சரிங்க. ஆள் கூட்டிப் போகிற மேஸ்திரி ஒருநாள் என்னிடமே சொன்னார்: "அது நல்ல ஆளு சார். தலையாட்டிப் பொம்மை மாதிரி. வம்பு கிடையாது."

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக ஊரையடைத்தார்கள். போடிமெட்டில் மாநில எல்லையும் மூடியது. ஜீப்புகள் தெருவோரம் வரிசையாக நின்றுவிட்டன. காய் அந்தப் பக்கம், கை இந்தப் பக்கம். எங்கள் தெருவில் பாதி அடுப்புகள் ரேஷன் அரிசியை நம்பி எரிந்தன.

அந்த நாட்களில்தான் அவள் பேரன் என் வீட்டுத் திண்ணைக்கு வரத் தொடங்கினான். ஐந்து வயது. ருஷ்யப் பொம்மையைத் தள்ளுவான், எழும், தள்ளுவான், எழும். விளையாடி முடித்து வீட்டுக்குப் போகச் சொன்னால் அழுவான். கொண்டு போகட்டும் என்று கொடுத்தேன். மறுநாள் காலையில் அந்த அம்மாளே அதைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"வச்சுக்கட்டுமே, தாயி" என்றேன்.

"வேணாம்ணே. அசலூரு சாமான், ஒடச்சுருவான்." அவள் அதைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பாகத்தை விரலால் தட்டிப் பார்த்தாள். "அடியில கனம் வச்சிருக்கான். அம்புட்டுத்தான்."

நான்கு நாளில் அவளே ஒன்று செய்துவிட்டாள். எங்கள் ஊரில் ஏலக்காய்க்கு அடுத்தபடி இலவம் பஞ்சுக்குப் பேர். மெத்தைக் கடையில் கழித்துப் போட்ட பஞ்சு கிடைக்கும். இலவு காத்த கிளி ஏமாந்த கதையைத் தமிழ்நாடு முழுக்கச் சொல்வார்கள். போடியில் அந்தப் பஞ்சினால் ஏமாந்தவர் குறைவு, பிழைத்தவர்தான் அதிகம். அவள் ஒரு தேங்காய்ச் சிரட்டையை, கண் இருக்கிற பாதியாகப் பார்த்து எடுத்து, மழமழவென்று தேய்த்து, அதில் கொட்டகுடி ஆற்றுக் களிமண்ணை அறைந்து காயவைத்திருந்தாள். மேலே தையற்கடைத் துண்டுத் துணியில் உடம்பும் தலையும், உள்ளே இலவம் பஞ்சு. கண்ணுக்கு இரண்டு சட்டைப் பொத்தான். பஞ்சு காற்றைப் போல லேசு, சிரட்டையோ நல்ல கனம். தள்ளினால் போதும், ருஷ்யாக்காரியைவிடச் சுறுசுறுப்பாக எழுந்து நின்றது. மணிச் சத்தம் மட்டும் இல்லை.

பையன் அதைத் திண்ணைக்குக் கொண்டுவந்து என் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இது பேரு என்னடா?"

அவன் யோசிக்கவே இல்லை. "எந்திரிச்சான்" என்றான்.

நான் சிறிது நேரம் பேசாமல் இருந்தேன். வான்கா வ்ஸ்தான்கா என்றால் என்ன அர்த்தமென்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. தஞ்சாவூர்ப் பொம்மையை அவன் கண்டதில்லை, ஆகவே தலையாட்டி என்ற சொல்லும் அவன் வழியில் குறுக்கே நிற்கவில்லை. பொம்மை என்ன செய்ததோ அதையே பெயராக வைத்தான். தெருப் பிள்ளைகள் எங்களுக்கும் எந்திரிச்சான் வேண்டும் என்று கேட்டார்கள். அவள் செய்து கொடுத்தாள். காசு கொடுத்தவர்களிடம் வாங்கிக்கொண்டாள், அரிசி கொடுத்தவர்களிடம் அரிசி.

பிறகு எல்லை திறந்தது. மேஸ்திரி வந்தார். பழைய கூலிதான், தோட்டத்துக்காரர்களுக்கும் நஷ்டம் என்று அவள் வாசலில் நின்று விஸ்தாரமாகச் சொன்னார். நான் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து பஞ்சு அடைத்துக்கொண்டே தலையை ஆட்டினாள். மேஸ்திரி என்னைப் பார்த்து, "தலையாட்டிருச்சு சார், வந்துரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

தஞ்சாவூர் பொம்மையை ஒரு தரம் தட்டிவிட்டு நிதானமாகப் பாருங்கள். அதன் தலை மேலும் கீழும் ஆடுவது கொஞ்சம்தான். பக்கவாட்டில் ஆடும், சாய்ந்து ஆடும், வட்டமிடும். 'ஆமாம்' என்று சொல்கிறதா, 'இல்லை' என்று சொல்கிறதா, 'பார்க்கலாம்' என்று சொல்கிறதா? நம் தலையாட்டலைப் பார்த்து வெளிநாட்டார் திகைப்பது இங்கேதான். ஆனால் சொல்லை உண்டாக்கியவர்களுக்கு அந்தத் திகைப்பு இருந்ததாகத் தெரியவில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது 'ஆமாம்'. அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் விடியற்காலை ஜீப் வந்தது. ஒலிப்பான் மூன்று தரம் அலறியது. உள்ளே ஏறி உட்கார்ந்திருந்த பெண்கள் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். விளக்கு எரிந்தது, ஆள் வரவில்லை. ஜீப் போய்விட்டது.

வெயில் வந்த பிறகு வாசல் தெளிக்க வந்தவளைக் கேட்டேன். "நேத்துத் தலையாட்டினியே தாயி?"

"ஆட்டுனேன்ணே" என்றாள். "எந்தப் பக்கம் ஆட்டுனேன்னு அவரு பாக்கலை."

மூன்றாம் நாள் மேஸ்திரி மறுபடி வந்தார். நாளுக்கு ஐம்பது ரூபாய் கூட என்று சொன்னார். இந்தத் தடவை சொல்லிவிட்டு உடனே போகவில்லை. அவள் தலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "திங்கக்கிழமை வாரேன்" என்றாள்.

திங்கட்கிழமை போனாள். தூக்குச் சட்டியோடு ஒரு துணிப்பையும் கொண்டு போனாள். மேலே தோட்டத்து லயத்தில் இரண்டு பிள்ளைகள் கேட்டிருந்தார்களாம். ஜீப் திரும்புகிற இடத்தில் பள்ளம். அங்கே குலுங்கியபோது பைக்குள் சிரட்டையோடு சிரட்டை மோதுகிற சத்தம் திண்ணை வரைக்கும் கேட்டது.